நாலரை மணிப் பசியும் கிணற்றடிக் கீரையும்

வீட்டுச் சாப்பாட்டை மாற்ற வேண்டும், எங்கே தொடங்குவது என்று யாராவது கேட்டால், பின்னேரம் நாலரை மணிக்கு உங்கள் வீட்டில் தின்ன என்ன இருக்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். யாழ்ப்பாணத்து வீடுகளில் மத்தியானச் சாப்பாடு இன்னும் அவ்வளவு கெட்டுப்போகவில்லை. சோறு, ஒரு பருப்பு, ஒரு மரக்கறி, மீன் கிடைத்த நாளில் ஒரு குழம்பு, கொஞ்சம் சொதி என்று ஏதோ ஒரு ஒழுங்கு இருக்கத்தான் செய்கிறது. கெட்டுப்போனது காலையும் பின்னேரமும். காலையில் அவசரத்துக்குப் பாண், பின்னேரம் பள்ளிக்கூடம் விட்டு ரியூசனுக்கு ஓடுகிற இடைவெளியில் ரோல்ஸ், பற்றிஸ், மிக்சர், கூடவே ஒரு போத்தல் சோடா. பிள்ளை வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தால் அதற்குக் காரணம் அந்த நாலரை மணிதான்.

கோண்டாவிலில் இருக்கும் என் தங்கச்சி வீட்டில் இதை இரண்டு மழைக்காலமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தங்கச்சியின் மனுசனுக்கு வெறும் வயிற்றில் எடுத்த இரத்தச் சீனி 100க்கும் 126க்கும் இடையில் வந்தது. 126ஐத் தொட்டால் நீரிழிவு என்பார்கள், அதற்குக் கீழே இருக்கிறவர்களுக்கு இன்னும் திரும்பி வர வழி இருக்கிறது. வீட்டில் ஓ.எல். படிக்கிற மகன், அவனுக்கு இளையவள் ஒருத்தி, தங்கச்சியின் மாமியார். றிப்போட் வந்த அன்று இரவே போன் எடுத்து, "அக்கா, இனி கோதம்பை மாவும் சீனியும் இந்தப் படலைக்குள்ள வரக்கூடாது எண்டு சொல்லிப்போட்டன்" என்றாள். நான் சொன்னேன், "ஒண்டையும் நிப்பாட்டாத. முதல்ல ஒவ்வொண்டாச் சேர்." டொக்டர் சொன்ன பரிசோதனைகளையும் நடையையும் ஒரு பக்கம் அவர்கள் ஒழுங்காகச் செய்தார்கள். நான் எழுதுவது அடுப்படியையும் வளவையும் பற்றி மட்டும்தான்.

தடை போட்டு ஒரு வீட்டுச் சாப்பாட்டை மாற்றியவர்களை நான் பார்த்ததில்லை. பெடியன் ரியூசன் வாசலில் வாங்கிச் சாப்பிடுவான், மனுசன் கந்தோர் கன்ரீனில் சாப்பிடுவார், வீட்டில் இருக்கிறவளுக்குக் கோபம் மட்டும் மிஞ்சும். பசி வருவதற்கு முன் சாப்பாடு மேசையில் இருந்தால் கடைக்குப் போகிற கால் தானாகக் குறையும். அதனால் முதலில் பின்னேரத் தீனியை எடுத்தோம். இரவு படுக்கும்போது கடலையை ஊறப் போட்டால் காலையில் அவித்து வைக்கலாம், பின்னேரம் செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் போட்டுத் தாளித்து, தேங்காய்ச் சொட்டுக் கொஞ்சம் போட்டால் முடிந்தது. மற்ற நாளில் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும். இன்னொரு நாள் மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கட்டைச்சம்பலோடு. பனங்கிழங்குக் காலத்தில் கிழங்கு, அது முடிந்தால் புழுக்கொடியலைத் துண்டு துண்டாய் முறித்துப் போத்தலில் போட்டு வைக்கலாம். கச்சான், இதரை வாழைப்பழம், எள்ளுருண்டை. இவற்றில் ஒன்றுகூட எங்களுக்குப் புதிது இல்லை, சந்தையில் எப்போதும் கிடைக்கிற சாமான்கள்தான். ஆனால் பிள்ளை வந்து "பசிக்குது" என்று சொன்ன பிறகு கடலையை ஊறப்போட முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

சீனிக் கணக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தங்கச்சியின் மனுசனைச் சிந்திக்க வைத்தது அதுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, சேர்க்கிற சீனி ஒரு நாளைய சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்று. வளர்ந்த ஒருவருக்கு அது ஏறத்தாழ 50 கிராம், அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. ஒரு தேக்கரண்டிச் சீனி 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு கரண்டி போட்டு ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி குடிக்கிற மனுசன் வேறொன்றும் சாப்பிடாமலே அந்த 50 கிராமைத் தொட்டுவிடுகிறார். இங்கே ஐந்து தேத்தண்ணி அதிகமே இல்லை, வீட்டுக்கு ஆள் வந்தால் ஒன்று, சந்தியில் சிநேகிதரைக் கண்டால் ஒன்று. சோடாவைக் கேட்கவே வேண்டாம். 2016இல் இருந்து இலங்கையில் குளிர்பானப் போத்தலில் நிற வட்டம் போடுகிறார்கள், 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. சிவப்பு இல்லையே என்று ஆறுதல்படவும் முடியாது, 8 கிராம் என்று போட்டிருந்தாலும் அரை லீற்றர் போத்தலில் 40 கிராம், எட்டுத் தேக்கரண்டி. எட்டுக் கரண்டிச் சீனியை ஒரு சில்வர் பேணிக்குள் போட்டு மகனுக்குக் காட்டினோம். அவன் ஒன்றும் பேசவில்லை, ஆனால் அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

தேத்தண்ணிச் சீனியை அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் குறைப்பதுதான் நடக்கிற காரியம். நாக்கு பழகும் வரை ஒரு அளவில் நின்று, பிறகு அடுத்த அரைக் கரண்டி. சிலர் சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தால் நோய் வராது என்று நம்புகிறார்கள். எனக்கும் பனங்கட்டி உயிர், ஆனால் அதுவும் இனிப்புத்தான், இரத்தத்தில் சீனியை ஏற்றத்தான் செய்யும். சின்னத் துண்டோடு நிறுத்தினால் நல்லது. குரக்கனுக்கும் இதே கதைதான். 100 கிராம் குரக்கனில் கல்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல், நார்ச்சத்தும் உண்டு, கோதுமை மாவை விட எவ்வளவோ மேல். அதற்காகக் கோப்பை நிறையப் புட்டைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு "இது குரக்கன்தானே" என்று சொல்லக்கூடாது, அதுவும் மாச்சத்து. புட்டைக் குறைத்து வறையையும் கறியையும் கூட்ட வேண்டும், கோப்பையில் பாதி இலையும் மரக்கறியுமாக இருந்தால் எந்த மா என்பதில் அவ்வளவு சண்டை தேவையில்லை.

குரக்கன் புட்டு பிள்ளைகளுக்குப் பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் அது அவித்த விதம். தனிக் குரக்கன் மாவில் அவித்தால் இறுகிக் களிபோல வரும். வறுத்த சிவப்பரிசி மா பாதி, குரக்கன் மா பாதி எடுத்து, உப்புத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல் கையால் தெளித்துத் தெளித்துப் பிசற வேண்டும். விரலுக்குள் பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும், அதுதான் பதம். பிறகு பேணியின் விளிம்பால் கொத்தினால் சிறு சிறு மணியாக வரும். தேங்காய்ப்பூவைக் கலந்து நீத்துப்பெட்டியில் வைத்து ஆவி வந்து மணக்கும் வரை விட வேண்டும். பனையோலையின் வாசமும் சேர்ந்து வருவதால் நீத்துப்பெட்டியில் அவித்த புட்டின் ருசி அலுமினியப் பானையில் வராது, இதில் நான் யாரோடும் வாதாட ஆயத்தம். கடையில் பக்கற்றில் வருகிற குரக்கன் மாவை வாங்குவதை விட, தானியமாக வாங்கி, கல் மண் பார்த்து அரித்துக் கழுவிக் காயவைத்து மில்லில் கொடுத்து அரைப்பித்தால் என்ன சேர்ந்திருக்கிறது என்ற கவலை இல்லை. கறித்தூளுக்கும் அதைத்தான் செய்கிறோம். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் தனித்தனியாக வறுத்து ஒரே தரத்தில் அரைப்பித்து வைத்தால் கனநாளைக்குப் போகும்.

அந்த வீட்டில் எனக்கு ஆகப் பெரிய பாடம் தந்தது மாமிதான். பேரப்பிள்ளைகளுக்குக் கிறீம் பிஸ்கற்றும் பாணும் எடுத்துக் கொடுக்கிறவ அவதான். முதலில் தங்கச்சிக்கு எரிச்சல், "நான் குறைக்கக் குறைக்க மாமி ஒளிச்சு வச்சுக் குடுக்கிறா" என்று. ஒரு நாள் கிணற்றடியில் இருந்து முருங்கை இலை உருவிக்கொண்டிருக்கும்போது நானே கேட்டேன். மாமி சொன்னா: "பிள்ளை, தொண்ணூறில இஞ்ச பாதை பூட்டின பிறகு எங்களுக்கு என்ன வந்தது? கறன்ற் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, சவுக்காரம் இல்லை. என்ரை பிள்ளையள் பிஸ்கற் எண்டு அழுதவை, நான் குரக்கன் களியும் ஒடியல் புட்டும் தான் குடுத்தனான். இப்ப கடை நிறைய இருக்கேக்க என்ரை பேரப்பிள்ளையளுக்கும் அதையே குடுக்கச் சொல்லுறியளோ?"

இதைக் கேட்ட பிறகு எனக்கு அவவில் கோபமே வரவில்லை. எங்களைப் போன்றவர்கள் "பாரம்பரிய உணவு" என்று சந்தோசமாகச் சொல்கிற குரக்கனும் ஒடியலும் மரவள்ளியும் அந்தத் தலைமுறைக்குத் தட்டுப்பாட்டுக் காலத்துச் சாப்பாடு. போர் நாளில், பொருளாதாரத் தடைக் காலத்தில் வேறு வழியில்லாமல் சாப்பிட்டது. கடையில் வாங்கிய பக்கற்றைப் பிள்ளையின் கையில் கொடுப்பது அவவுக்கு அன்பு, கஷ்டம் போய்விட்டது என்பதற்கு அத்தாட்சி. அந்த நினைவை மதிக்காமல், குரக்கனில் இவ்வளவு கல்சியம் இருக்கிறது என்று அவவுக்கு வகுப்பெடுத்து என்ன பயன்? ஆகவே நாங்கள் கேட்டது வேறு. "மாமி, உங்கட ஒடியல் கூழ் இவளுக்குக் காச்சத் தெரியாது, ஒருக்காச் சொல்லிக் குடுங்கோ" என்று பேத்தியை முன்னால் விட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை குருநகரில் இருந்து நண்டும் சின்ன மீனும் இறாலும் வந்தது. மாமி ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கயர் போக அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றிவிட்டு, பயித்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கை இலை எல்லாம் எப்போது எப்போது போட வேண்டும் என்று கரண்டியைத் தன் கையில் வைத்துக்கொண்டே சொன்னா. சின்னவள் பலாவிலையைக் கோலிக் குடித்தாள். "காணும் அப்பம்மா" என்று அவள் சொல்லவில்லை, இன்னும் கேட்டாள். அதற்குப் பிறகு பின்னேரக் கடலை தாளிக்கிற வேலை மாமியின் கைக்குப் போய்விட்டது. பிஸ்கற் ரின் இன்னும் அலுமாரிக்குள் இருக்கிறது, இருக்கட்டும்.

வளவுக்கு வருகிறேன். கோண்டாவில் செம்மண், கிணறு இருக்கிறது, கொஞ்சம் வெயில் விழுகிற இடமும் இருக்கிறது. அப்படி இருந்தும் கீரையைக் கட்டுக்கட்டாகத் திருநெல்வேலிச் சந்தையில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். தொடங்கும்போது தக்காளி, கறிமிளகாய் என்று ஆசைப்படாமல், அடிக்கடி சமைப்பதையும் அவ்வளவாகக் கவனிப்புக் கேட்காததையும் நட வேண்டும் என்பது என் எண்ணம். முளைக்கீரை, பசளி, வல்லாரை, பொன்னாங்காணி, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு சுண்டங்கத்தரி, வேலியோரம் பயித்தங்காய். கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் முடிவில் வாழை. வல்லாரைக்கும் பொன்னாங்காணிக்கும் அந்த ஈரம் போதும், தனியாகத் தண்ணீர் விடவும் தேவையில்லை.

முளைக்கீரை விதை கடுகிலும் சின்னது. அப்படியே தூவினால் ஒரு இடத்தில் குவிந்து முளைத்து ஒன்றை ஒன்று நெருக்கும். ஒரு பிடி விதையை நாலைந்து பிடி காய்ந்த மணலோடு கலந்து, பாத்தியின் மேலே கையை அசைத்து அசைத்துத் தூவ வேண்டும். மேலே மெல்லியதாக எருவைத் தூவி, பூவாளியால் பதமாகத் தண்ணீர் விட வேண்டும், வாளியால் அள்ளி ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலைக்குப் போய்விடும். எறும்பு விதையைக் காவிக்கொண்டு போகும், பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவினால் கொஞ்சம் குறையும். மூன்று நாலு கிழமையில் பிடுங்கலாம். ஒரே நாளில் எல்லாப் பாத்தியிலும் போடாமல் கிழமைக்கொரு பாத்தி என்று போட்டால் கீரை தொடர்ந்து வரும், இல்லாவிட்டால் ஒரு கிழமை முழுக்கக் கீரை, அடுத்த மாதம் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும்.

முருங்கைக்குக் கைநீளத் தடி ஒன்று போதும், மழை தொடங்கும் நேரம் நட்டால் தானே பிடித்துக்கொள்ளும். முருங்கை இலையிலும் 100 கிராமில் கல்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல், பசுப்பாலில் அது 120 அளவில்தான். மாரி மழைக்கு மயிர்க்கொட்டி மரம் முழுக்க ஏறும், அந்த நேரம் பிள்ளைகளை மரத்தடியில் விடாதீர்கள். காய்க்கும் இலைக்கும் கை எட்டுகிற மாதிரி ஆண்டுக்கொரு முறை தறித்துவிடுவது நல்லது.

காலையில் முற்றம் கூட்டி மாவிலை, பலாவிலை எல்லாவற்றையும் குவித்துக் கொளுத்துகிற பழக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. அதை விட்டால் பாதிப் பசளை வீட்டிலேயே இருக்கிறது. ஒரு கிடங்கு வெட்டி இலையையும் மரக்கறிக் கழிவையும் போட்டு, இடையிடையே மாட்டெரு போட்டு ஈரமாக வைத்தால் சில மாதத்தில் மண்ணோடு மண்ணாகிவிடும். பூவரசங்குழையும் கிளிசரியாக் குழையும் பாத்திக்குள் தாழ்ப்பது எங்கள் அப்பாக்கள் செய்த வேலை, இப்போது தோட்டக்காரரிலேயே குறைந்துவிட்டது.

யூரியா போட்டால் கீரை கெதியாக வரும், உண்மைதான். ஆனால் வீட்டு வளவில் கிணற்றுக்குப் பக்கத்தில் அதைப் போட வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, கிணற்றில் அள்ளிக் குடிக்கிற தண்ணீர் எல்லாம் சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கிய மழைத் தண்ணீர். செம்மண்ணும் அந்தக் கல்லும் மேலே போடுவதைத் தடுத்து வைக்காது, நைத்திரேற்றாகக் கீழே இறங்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. வலிகாமத்துத் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேல் இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்லிவிட்டன. உரம் மட்டும் காரணமில்லை, மலகூடக் குழிகளும் காரணம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கிற வீடு என்றால் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்துப் பார்க்காமல் பாவிக்கவே கூடாது. வீட்டுத் தோட்டம் போடுகிறோம் என்று சொல்லிக்கொண்டு குடிக்கிற கிணற்றைக் கெடுத்தால் அந்தக் கீரையால் என்ன பிரயோசனம்?

2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தியபோது எங்கள் தோட்டக்காரர் பட்ட பாட்டை மறக்க முடியாது. இயற்கைப் பசளை நல்லது என்பதற்காக, ஒரு போகத்தை நம்பிக் கடன் எடுத்தவனின் கையில் இருந்ததைத் திடீரென்று பறிப்பது சரியாகிவிடாது. அந்தத் தடை அதே ஆண்டு கார்த்திகைக்குள் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு காஸ் இல்லை, பால்மா இல்லை என்ற நிலை வந்தது. 2022 ஜூனில் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். அப்போது நட்ட மரவள்ளியும் கத்தரியும் சாமான் திரும்பக் கிடைக்கத் தொடங்கியதும் பல வீடுகளில் காய்ந்து போயின. பயத்தில் தொடங்கிய தோட்டம் பயம் தெளிந்ததும் நின்றுவிடும். கீரை ஆய்ந்து வறை வறுத்துச் சாப்பிட்டுப் பழகிய வீட்டில்தான் தோட்டம் நிற்கிறது, அதனால்தான் சாப்பாட்டு மாற்றம் முதலில், பாத்தி இரண்டாவது என்று நான் பிடிவாதமாகச் சொல்வது.

கடைசியாக, ஆனால் எனக்கு ஆக முக்கியமானது, வேலை. வீட்டுச் சாப்பாடு என்று எல்லாரும் பேசுகிறோம், அதைச் செய்கிற கை யாருடையது? முன்பு ஒரு வளவுக்குள் அம்மம்மா, சின்னம்மா, மாமி, கலியாணம் செய்யாத அக்கா என்று நாலைந்து பெண்கள் இருந்தார்கள், ஒருவர் தேங்காய் துருவ ஒருவர் வெங்காயம் உரிக்க ஒருவர் மாவிடிக்க என்று நடந்தது. இப்போது வேலைக்கும் போய்வருகிற ஒருத்தியின் தலையில் அவ்வளவையும் தூக்கி வைத்துவிட்டு "பாண் வாங்காத, புட்டு அவி" என்றால் அது அநியாயம். தங்கச்சி வீட்டில் நான் அடித்துச் சொன்ன ஒரே நிபந்தனை இதுதான். இரவில் ரீவி பார்க்கிற நேரம் மனுசன் சின்ன வெங்காயம் உரித்து, உள்ளி உடைத்து, அடுத்த நாளைக்குத் தேங்காயும் துருவி பிரிட்ஜில் வைக்கிறார். தேங்காய் விலை ஏறிய பிறகு ஒரு பாதித் தேங்காயை எப்படி வீணாக்காமல் துருவுவது என்று எனக்கே சொல்லித் தருகிறார். கீரைக்குத் தண்ணீர் விடுவது மகன் பொறுப்பு, ரியூசனுக்குப் போக முதல். பயித்தங்காய்க் கொடி சின்னவளுடையது, அவள் பறிக்காமல் வேறு யாரும் பறிக்கக்கூடாது. தங்கச்சி அடுப்படியில் நிற்கிற நேரம் கூடவில்லை என்பதை வைத்துத்தான் இது நிலைக்கும் என்று நம்புகிறேன்.

கலியாண வீட்டுக்குப் போனால் எல்லாம் சாப்பிடுகிறார்கள், நல்லூர்த் திருவிழாவில் ஐஸ்கிறீமும் குடிக்கிறார்கள், நான் ஒன்றும் சொல்வதில்லை. மனுசனின் வெறும் வயிற்றுச் சீனி 100க்குக் கிட்ட வந்திருக்கிறது, நடையும் கூடியிருப்பதால் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மழை தொடங்க முதல் நட நினைப்பவர்கள் இப்போதே கிடங்கை வெட்டி இலையைப் போடத் தொடங்குங்கள். விதைக்குக் கடைக்கு ஓடத் தேவையில்லை. பயித்தங்காயில் முதல் காய்ப்பில் நல்ல நீளக் காய் இரண்டை முற்றிக் காயவிட்டு எடுத்து, சாம்பல் பிரட்டிப் போத்தலில் வைத்தால் அடுத்த முறைக்குப் போதும். கீரையில் ஒரு செடியைப் பிடுங்காமல் பூக்க விட்டால் பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கிற அளவுக்கு விதை வரும்.